இரண்டாம் மாற்று

இப்போதெல்லாம் எவனும் ‘முடியாது’ என்று வாயைத் திறந்து சொல்வதில்லை. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் அவனுடைய போன் பதில் சொல்கிறது, ஐயாவுக்கு அன்றைக்கு வேறு சோலி இருக்கிறதாம். ஒழுகுகிற கூரையைக் கொஞ்சம் வந்து பார் என்று மருமகனிடம் கேட்டால், அவன் கையில் கட்டியிருக்கிற கடிகாரம் அவனுக்கு ரெண்டு நாள் ஓய்வு வேண்டும் என்கிறதாம். எதிரே நிற்கிறவன் மூஞ்சியைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அந்தத் தைரியத்தையும் மனுஷன் ஒரு மெஷினிடம் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

இது மாடக்கண்ணுவின் கட்சி. வயது எழுபத்திரண்டு, படிப்பு அஞ்சாம் கிளாஸ். கடல் ஊருக்குள் ஏறத் தொடங்கிய பிறகு கரை நெடுகக் கட்டினார்களே இரும்புக் கதவுகள், அதில் ஒன்றை ஏற்றி இறக்கும் விஞ்ச் ஓட்டியே தென்கடல் காவல் படையில் இருபத்திரண்டு வருஷம் கழித்துவிட்டு, நாயக்காக ஓய்வு பெற்றவர். யாரையும் நம்பாமல் நிம்மதியாக இருந்தவருக்குப் படையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. முயல்திட்டு தீவில் ராணுவ நீதிமன்றம் கூடுகிறது, அதில் மாற்று உறுப்பினராக வந்து உட்கார வேண்டும் என்று. போகாமல் இருந்தால் அதற்கும் ஒரு கேஸ் போடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். வேட்டியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பழைய பேன்ட்டை மாட்டிக்கொண்டு படகு ஏறினார்.

தீவு வாசலில் சோதனைக் கம்பி அவரைக் கண்டதும் கத்தியது. மூன்று வருஷத்துக்கு முன் சந்தையில் மயங்கி விழுந்ததில் நெஞ்சுக்குள் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். அதற்கான அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். காவல்காரன் அட்டையைப் படம் பிடித்துக்கொண்டு உள்ளே விட்டான். படி ஏறினால் மூச்சு முட்டும். பதினெட்டுப் படியில் மூன்று தடவை நின்று நின்று ஏறினார்.

மேலே மேஜர் எஸ்தர் நவமணி காத்திருந்தாள். நீதிமன்றத்துக்குச் சட்டம் சொல்லும் அதிகாரி. தீர்ப்பு சொல்கிற வேலை அவளுக்குக் கிடையாது, விதி தப்பாமல் பார்ப்பது மட்டும்தான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி என்று வாயைத் திறந்ததுமே தெரிந்தது. மரியாதையாக உட்காரவைத்து, டீ கொடுத்து, விதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

மேடையில் ஐந்து பேர். கீழே பக்கவாட்டில் இரண்டு மாற்று. அந்த ஐந்து பேர் கேட்கிற ஒவ்வொரு சொல்லையும் மாற்றும் கேட்க வேண்டும். கால்மணி நேரம் எழுந்து போனாலும் தகுதி போய்விடும். ஆனால் மாற்று வாயைத் திறக்கக் கூடாது. கேள்வி கேட்கக் கூடாது, துண்டுச் சீட்டு அனுப்பக் கூடாது. மேலே இருக்கிற ஒருவர் இறங்கினால் முதல் மாற்று ஏற வேண்டும். இன்னொருவர் இறங்கினால் இரண்டாம் மாற்று. ஏறிவிட்டால் அவர் முழு உறுப்பினர், கேள்வி கேட்கலாம், ஓட்டுப் போடலாம். இரண்டு மாற்றும் தீர்ந்து, மூன்றாவதாக ஒருவர் இறங்கினால் வழக்கே செல்லாது. புது ஆட்களை வைத்து ஆறு மாசம் கழித்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவன் அதுவரை கொட்டடியில்தான்.

“அப்போ நான் ஸ்டெப்னி டயர்” என்றார் மாடக்கண்ணு.

“ஸ்டெப்னியிலயும் காத்து இருக்கணும்லா அண்ணாச்சி. வழியில இறங்கிட்டா யாரு பதில் சொல்ல?”

பிறகு ஒரு பட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். விரல் அகலம், கழுத்தில் கட்டுவது. பட்டை நாடித்துடிப்பைப் பார்க்கும். வழக்கு முடிவதற்கு முன்னாலேயே ஒருவர் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதென்றால், கோபமோ பாசமோ பயமோ, நெஞ்சு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். பச்சை விளக்கு எரிந்தால் நடுநிலை. மூன்று தடவை மஞ்சள் வந்தாலோ, ஒரு தடவை சிவப்பு வந்தாலோ, கர்னலாக இருந்தாலும் நாற்காலியை விட்டு இறங்க வேண்டும். ஏன், எதற்கு என்று யாரும் கேட்கக் கூடாது.

அறுபது ஓய்வுபெற்ற ஆட்களுக்கு இந்தப் பட்டையைக் கட்டிச் சோதித்தார்களாம். அதில் மாடக்கண்ணுவுடையதுதான் கொஞ்சம்கூட அசையவில்லையாம். போன வருஷம் பென்ஷன் ஆபீஸில் நடந்த அந்தச் சோதனை அவருக்கு நினைவிருந்தது. ஒரு அதிகாரி சிப்பாயை அறைகிற மாதிரி ஏதோ படம் போட்டார்கள். பார்த்துக்கொண்டிருந்தபோது மாடக்கண்ணு அந்த அதிகாரியின் வம்சத்தையே மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தார். அதைத்தான் மெஷின் நடுநிலை என்கிறதா? அவருக்குச் சந்தேகம்தான். இருந்தாலும் அறுபது பேரில் ஒருத்தன் என்று ஒரு மேஜர் சொல்லும்போது, உள்ளே எங்கேயோ ஒரு மூலையில் இனிக்கத்தான் செய்தது.

“நான் கதவுக்காரன். கேஸும் கதவுக் கேஸுன்னு சொல்லுதாவளே” என்றார்.

ஆளைத் தெரிந்திருக்கக் கூடாது, சம்பவத்தைத் தெரிந்திருக்கக் கூடாது, தொழிலைத் தெரிந்திருக்கலாம் என்றாள் எஸ்தர். ஆனால் தனக்குத் தெரிந்ததைச் சாட்சி மாதிரி எடுத்துச் சொல்லக் கூடாது. மேலே ஏறினால், கேள்வியாகக் கேட்கலாம். அவ்வளவுதான்.

வழக்கு இதுதான். நான்கு மாசத்துக்கு முன் ஒரு சாயங்காலம் புயல் அலை வந்தது. நான்கு மணி பத்து நிமிஷத்துக்குக் கதவை முழுசாக இறக்கு என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ஆணை. கதவு இறங்கியது நான்கு பதினாறுக்கு. அந்த ஆறு நிமிஷத்தில் மூன்று மீன்பிடிப் படகு பதினோரு பேரோடு உள்ளே வந்து தப்பியது. அதே ஆறு நிமிஷத்தில் தண்ணீரும் வந்து, கீழே பம்பு அறையில் இருந்த இரண்டு சிப்பாய்களை முழுங்கியது. கதவறையில் இருந்தவன் லான்ஸ் நாயக் ஜெபஸ்தியான். தப்பிய படகு ஒன்றில் இருந்தது அவனுடைய மச்சான். வேண்டுமென்றே ஆணையை மீறினான் என்று தீர்ப்பானால் ஆயுள் முழுக்க உள்ளே.

நீதிமன்றக் கூடத்தில் ஜெபஸ்தியானை முதல் தடவை பார்த்தபோது மாடக்கண்ணுவுக்கு அவனைப் பிடிக்கவில்லை. முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல தோள். கண்ணை மட்டும் எவர்மேலும் நிற்கவிடாமல் ஓட்டிக்கொண்டிருந்தான். ஹெட்செட்டில் ஆணை வந்த நேரம் நான்கு பத்து, ஏழு விநாடி என்று பதிவு காட்டினார்கள். குரலைப் போட்டும் காட்டினார்கள். கண்ணாடி மாதிரி கேட்டது. ஜெபஸ்தியான் சொன்னது ஒன்றேதான்: ஹெட்செட் என் காதில்தான் இருந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, தண்ணீர் ஏறுவதைப் பார்த்து நானாகத்தான் இறக்கினேன்.

பொய் சொல்கிறான் என்று மாடக்கண்ணுவுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. எந்த இடத்தில் பொய் என்பதும் தெரிந்தது. அதுதான் கஷ்டம்.

விஞ்ச் ஓடும்போது எந்தக் கதவுக்காரனும் ஹெட்செட்டைக் காதில் வைத்திருக்க மாட்டான். அந்த மோட்டார் ஓடினால் ஹெட்செட்டுக்குள் ஊசி குத்துகிற மாதிரி ஒரு கீச்சல் வரும். பல்லெல்லாம் கூசும். அதனால் கையெட்டும் உயரத்தில் சுவரில் ஒரு ஆணி அடித்து, அதில் மாட்டிவிட்டு, கோபுரத்து விளக்கைப் பார்த்து வேலை செய்வார்கள். அவர் வேலை பார்த்த பழைய துறைமுகத்திலும் அப்படித்தான். கழற்றக் கூடாது என்று விதி. கழற்றாமல் வேலை நடக்காது. எல்லாருக்கும் தெரியும், எவரும் எழுதிவைத்ததில்லை. அன்றைக்குப் புயலுக்காக நாலு மணியிலிருந்தே கதவைப் பாதி இறக்கிக்கொண்டு விஞ்ச் ஓடியிருக்கிறது. மழையில் கோபுரம் தெரிந்திருக்காது. ஆணை ஹெட்செட்டுக்கு வந்திருக்கிறது, மனுஷனுக்கு வரவில்லை.

இதைச் சொன்னால் தப்பிப்பான். ஆனால் சொல்ல மாட்டான். காதிலிருந்து கழற்றினேன் என்று ஒருவன் ஒத்துக்கொண்டால், கதவறையில் முறை வேலை பார்க்கிற ஏழு பேரும் மாட்டுவார்கள். காதிலிருந்து கழற்றியதற்கான ஆறு மாசத் தண்டனைக்குப் பயந்து ஆயுள் தண்டனைக்குக் கழுத்தை நீட்டுகிற முட்டாள்தனத்தைக் கதவுக்காரர்களைத் தவிர வேறு யாரும் பண்ண மாட்டார்கள். சாட்சி பெஞ்சில் மற்ற ஆறு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆறு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவனுக்காக வாதாடிய வக்கீல் படித்த ஆள், சின்ன வயசு. விஞ்சைப் படத்தில் பார்த்திருப்பார். அந்தக் கேள்வி அவர் பக்கம் வரவேயில்லை. மாடக்கண்ணு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூடச் சொன்னதே விதி.

இரண்டாம் நாள் செத்தவர்களின் படங்களைக் காட்டியபோது மேலே இருந்த ஒரு கேப்டனின் பட்டை மூன்று தடவை மஞ்சள் காட்டியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கினார். முதல் மாற்றாக இருந்த கேப்டன் அருளி ஏறினாள். இறங்கியவர் மனசு சாய்ந்தது நிஜம்தான் என்று மாடக்கண்ணுவுக்கும் பட்டது. பரவாயில்லை, மெஷினுக்கும் கொஞ்சம் புத்தி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் விஷயம் திரும்பியது. பம்பு அறையைக் காலி பண்ண வேண்டும் என்று புயலுக்கு முன்பே இரண்டு தடவை எழுதிக் கேட்டிருக்கிறார்கள், தளபதி அவசியமில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். வக்கீல் அந்தக் காகிதத்தைப் படித்துக் காட்டினார். ஜெபஸ்தியான் குற்றவாளி என்றால் எல்லாம் அவனோடு முடிந்துவிடும். அவன் குற்றவாளி இல்லையென்றால், அடுத்து அந்த இரண்டு சாவுக்கும் யார் பதில் சொல்வது? மேலே இருந்த ஐந்து பேரின் பதவி உயர்வுக்கும் குறிப்பு எழுதுகிறவர் தளபதி. அன்று மதியம் ஐந்து பேரும் உள் அறையில் மூன்று மணி நேரம் பேசினார்கள். முடிவாகவில்லை.

நாலாம் நாள் காலை மாடக்கண்ணு சமையல்கட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தார். எதிரே அதிகாரிகள் விடுதியின் பின்படிக்கட்டு. மேஜர் சிபிவர்மன், மேலே உட்காருகிற ஐந்து பேரில் ஒருவர், அதில் ஓடி ஏறினார். ஓடி இறங்கினார். மறுபடி ஏறினார். உடற்பயிற்சி போலிருக்கிறது என்று மாடக்கண்ணு பல்லைத் தேய்த்தார். பிறகு சிபிவர்மன் நின்றுகொண்டே கறுப்புக் காப்பி ஒரு லோட்டா குடித்தார், இன்னொரு லோட்டா வாங்கினார், பட்டை சரியாகக் கழுத்தில் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டார். அப்போதுதான் மாடக்கண்ணுவுக்கு உறைத்தது, இது நாடியை ஏற்றுகிற வேலை.

கூடம் தொடங்கிப் பத்து நிமிஷம். சிபிவர்மனின் கழுத்தில் சிவப்பு.

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு எழுந்தார். வருத்தமாக இருக்கிறதாம், விதிக்குக் கட்டுப்பட்டுத்தானே ஆக வேண்டுமாம். தலைமை வகித்த கர்னல் திருமேனி தலையாட்டினார். இறங்கி வருகிறவரும் ஏறிப் போகிறவரும் குறுகலான இடத்தில் உரசிக்கொண்டார்கள். சிபிவர்மன் உதடு அசையாமல் சொன்னார்: “உமக்கென்னய்யா, பென்ஷன்காரர். முடிஞ்சதும் வீட்டுக்குப் போயிருவீர். நான் இங்கதானே இருக்கணும்.”

“காப்பி நல்லா இருந்துச்சா சார்?” என்று மட்டும் கேட்டுவிட்டு மாடக்கண்ணு மேலே ஏறினார்.

சிபிவர்மன் காலி பண்ணிய நாற்காலி இன்னும் சூடாக இருந்தது. காது மடல் எரிந்தது, அந்த ஆளைச் சட்டையைப் பிடித்து இழுத்துவர வேண்டும் போல ஒரு வெறி. போச்சு, இப்போது நம் கழுத்திலும் சிவப்பு எரியும், கேஸ் செத்தது, அவன் கொட்டடிக்குப் போவான் என்று நினைத்துக்கொண்டு மேசைக் கண்ணாடியில் குனிந்து பார்த்தார். பச்சை. அசையாத பச்சை.

புது உறுப்பினருக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்று கர்னல் சம்பிரதாயமாகக் கேட்டார். ஒன்றும் இருக்காது என்ற நினைப்பில் பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்.

“கேக்கணும் சார்” என்றார் மாடக்கண்ணு. கூண்டில் நிற்கிறவனைப் பார்த்தார். “ஆணி எந்தப் பக்கம் இருக்கு?”

எந்த ஆணி, இதற்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம் என்று அரசுத் தரப்பு கேப்டன் எழுந்தார். கர்னல் எஸ்தரைப் பார்த்தார். உறுப்பினர் கேள்வி கேட்கலாம், விதி இருக்கிறது என்றாள் எஸ்தர். ஜெபஸ்தியான் பெஞ்சுப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். பெஞ்சில் இருந்த ஆறு பேரில் ஒருவன் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தான்.

“எனக்குத் தெரியாது, ஐயா” என்றான் ஜெபஸ்தியான்.

“விஞ்ச் ஓடுறப்ப ஹெட்செட்டை எதுல மாட்டுவ?”

“காதுலதான் இருக்கும், ஐயா.”

மூன்று நாளாகச் சொன்ன அதே சொல், அதே குரல். மாடக்கண்ணுவுக்கு அவனை இறங்கிப்போய் நாலு சாத்து சாத்த வேண்டும் போல இருந்தது. உனக்கு வாசலைத் திறந்துவைத்தால் நீயே சாத்திக்கொள்கிறாயே. இதற்கு மேல் தான் சொன்னால் சாட்சி ஆகிவிடும். எஸ்தர் பேனாவைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். யோசித்தார்.

“கதவறையைப் பாக்கணும்” என்றார். “எல்லாரும்.”

அதற்கும் விதி இருந்தது.

கதவறை மூன்று ஆள் நிற்கிற இடம். ஐந்து உறுப்பினர்களும், கைவிலங்கோடு ஜெபஸ்தியானும் நெருக்கிக்கொண்டு நிற்க, மற்றவர்கள் வாசலில் நின்றார்கள். மாடக்கண்ணுவின் கண் நேராகச் சுவருக்குப் போனது. ஆணி இல்லை. எந்தச் சுவரிலும் இல்லை. புதுசாக வெள்ளை அடித்திருந்தார்கள். அரசுத் தரப்பு கேப்டன் லேசாகச் சிரித்தார்.

மாடக்கண்ணு விடவில்லை. விஞ்சை ஓட்டச் சொன்னார். ஹெட்செட்டை எடுத்து, துடைத்து, கர்னலிடம் நீட்டினார். “நீங்க போட்டுக்கிட்டு லீவரைப் பிடிச்சுக்கிடுங்க சார். கதவு பாதி இறங்குற வரைக்கும். அவ்வளவுதான்.”

மோட்டார் உறுமியது. தரை அதிர்ந்தது. கர்னல் திருமேனி முகத்தை இறுக்கிக்கொண்டு நின்றார். இருபது எண்ணுவதற்குள் கண் சுருங்கியது. முப்பதுக்குள் தாடை கோணியது. கதவு கால்வாசிகூட இறங்கவில்லை. அவர் ஹெட்செட்டைப் பிடுங்கிக் கையில் எடுத்துவிட்டார். லீவரை விடக் கூடாது என்று வலது கையில் பிடித்திருந்ததால், இடது கையில் இருந்த ஹெட்செட்டை எங்காவது வைக்க வேண்டும். மேசை கிடையாது. தரை முழுக்க எண்ணெய். கை தானாக இடப்பக்கச் சுவருக்குப் போனது, தோள் உயரத்தில் தடவியது. அவருடைய கட்டைவிரல் ஒரு இடத்தில் நின்றது. வெள்ளையடித்த சுண்ணாம்பு உதிர்ந்து, உள்ளே ஒரு துளை தெரிந்தது.

கர்னல் அந்தத் துளையைப் பார்த்தார், கையில் இருந்த ஹெட்செட்டைப் பார்த்தார். மோட்டாரை நிறுத்தச் சொன்னார்.

“இடப்பக்கம், ஐயா” என்றான் ஜெபஸ்தியான். “ஆணியை அன்னைக்குச் சாயங்காலமே பிடுங்கிட்டோம். ஏழு பேரும் சேந்துதான்.”

உள் அறையில் எல்லாம் முதலிலிருந்து தொடங்கியது. ராணுவத்தில் கீழ்ப்பதவிக்காரன்தான் முதலில் ஓட்டைச் சொல்ல வேண்டும். மேலே இருக்கிறவர் சொன்னதைக் கேட்டு ஒத்து ஊதக் கூடாது என்பதற்காக. அங்கே மாடக்கண்ணுவைவிடக் கீழே யாரும் இல்லை. ஐந்தில் மூன்று பேர் குற்றவாளி என்றால் ஆயுள்.

சொல்வதற்கு முன் கர்னல் ஒன்று கேட்டார். ஆணை காதில் விழுந்திருந்தால், மச்சான் படகு வெளியே நிற்கும்போது, அவன் கதவை மூடியிருப்பானா?

“தெரியாது சார். மூடியிருக்க மாட்டான்னுதான் நெனைக்கேன். ஆனா அதுக்கு யாரும் கேஸ் போடலையே. கேக்காத ஆணையை மீற முடியாது. ஆணையை மீறினதுக்கு அவன் குற்றவாளின்னு நான் சொல்ல மாட்டேன். காதுல இருந்து கழட்டினதுக்குச் சொல்லுதேன்.”

அருளியும் அதையே சொன்னாள். அடுத்த இருவர் குற்றவாளி என்றார்கள். கர்னல் கட்டைவிரலில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தேய்த்து உதிர்த்துவிட்டு, மாடக்கண்ணு பக்கம் சேர்ந்தார். ஜெபஸ்தியானுக்குப் பதவி போயிற்று, ஆறு மாசம் உள்ளே. மற்ற ஆறு பேருக்கும் ஏதோ எழுதினார்கள். தளபதிமேல் விசாரணை என்று ஒரு வரி தீர்ப்பின் கடைசியில் வந்தது.

படகுத்துறைக்கு எஸ்தர் வந்தாள். கையில் பட்டையின் பதிவுத்தாள், நாலு நாளுக்கும். மற்றவர்களுடையது மலையும் பள்ளமுமாக இருந்தது. மாடக்கண்ணுவுடையது ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருந்தது. அந்தக் காப்பிக்காரனைப் பார்த்த நேரம், கதவறையில் ஆணி இல்லாத நேரம், எல்லாம் ஒரே கோடு.

அவர் அந்தக் கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. உங்கள் நெஞ்சு இனித் தானாக ஓடாது பெரியவரே, பெட்டிதான் ஓட்டும், எழுபதுக்குமேல் ஒன்றும் போகாது, எழுபதுக்குக் கீழே ஒன்றும் வராது.

“அட்டையை முதல் நாளே பாத்துட்டீங்க” என்றார்.

“சோதனைக்கு வந்த அன்னைக்கே பாத்தேன், அண்ணாச்சி.”

“அறுபது பேர்ல நான்தான் நடுநிலைன்னு சொன்னீங்க.”

“அறுபது பேர்ல உங்களைத்தான் இந்தப் பட்டையால இறக்க முடியாது.” அவள் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். மூன்று வருஷத்தில் பதினோரு வழக்கு நடத்தினாளாம். ஒன்பது வழக்கு பாதியில் செத்ததாம். சங்கடமான காகிதம் ஒன்று வந்ததும் ஒவ்வொருவராகச் சாய்ந்து இறங்கிவிடுவார்களாம். யாரும் பயந்து ஓடினேன் என்று சொல்ல வேண்டியதில்லை, பட்டை சொல்லிவிடும். உள்ளே கிடக்கிறவன் மட்டும் கிடப்பான். ஓட முடியாத ஒரு நாற்காலியாவது வேண்டும் என்று நினைத்தாளாம். பெட்டி வைத்தவரை உட்காரவைக்கக் கூடாது என்று விதியில் எங்கேயும் இல்லையாம்.

“விதியில ஆணி அடின்னும் இல்ல, அடிக்காதன்னும் இல்ல” என்றார் மாடக்கண்ணு. “பட்டை ஹெட்செட் மாதிரி கீச்சுன்னு கத்துச்சு, கழட்டி மாட்டிட்டீங்க. நான்தான் ஆணி.”

அவள் முகம் மாறியது. ஆனால் பதில் வைத்திருந்தாள். நல்லதுதானே நடந்தது என்றாள். ஒரு ஆள் பிழைத்தானே, நீங்கள் நியாயமாகத்தானே சொன்னீர்கள் என்றாள்.

“நியாயமா சொன்னேனான்னு எனக்கே தெரியல, மேடம். அந்த மேஜரைப் பாத்ததுல இருந்து கொதிச்சுப்போய்க் கிடந்தேன். கொதிச்சவன் சொன்ன ஓட்டு உங்களுக்குத் தோதா விழுந்துச்சு. நாளைக்கு இதே பெட்டி வச்ச இன்னொரு கிழவனை, வேற ஒருத்தர் தேடிப் பிடிச்சு உக்கார வைப்பாரு. அவன் எவனுக்குத் தோதா சொல்லுவான்?”

அப்படியானால் நடந்ததை எழுதிக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டாள். எழுதினால் வழக்கு செல்லாமல் போகும், ஜெபஸ்தியான் ஆறு மாசம் கழித்துப் புது ஐந்து பேர் முன்னால் நிற்பான். நீங்கள் சொன்னால் எழுதுகிறேன் என்றாள். சொல்லிவிட்டு அவர் வாயைப் பார்த்தாள்.

மாடக்கண்ணு அவளையும், அவள் கையில் இருந்த நேர்கோட்டையும் பார்த்தார். படித்தவர்கள் எல்லாரும் கடைசியில் இதைத்தான் செய்கிறார்கள். யாரிடமாவது கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

“முடியாது” என்றார். “அது நீங்க உக்காந்திருக்கிற நாற்காலி. எழுதுங்க, எழுதாம விடுங்க, ஆனா நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. என் பேரை அந்தப் பட்டியல்ல இருந்து எடுத்துருங்க. இனிமே கூப்பிட்டா வர மாட்டேன். என் வாயாலயே சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க.”

கழுத்துப் பட்டையை அவிழ்த்து அவள் கையில் வைத்துவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு பலகைமேல் நடந்தார். பின்னால் அவள் ஏதோ சொன்னாள், அண்ணாச்சி என்ற சொல் மட்டும் காற்றில் வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. படகு கிட்டத்தில்தான் நின்றது, ஆனாலும் நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்க நிற்க வேண்டியிருந்தது. அடங்காத கோபத்தோடு நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார். உள்ளே பெட்டி எழுபதிலேயே தட்டிக்கொண்டிருந்தது. அதையும் நம்பாமல், கையை எடுத்துவிட்டுப் படகில் ஏறினார்.